கெட்டு நடக்கல்ல, பதிவுதான்

எனக்கு முன்பே ஒரு பெண்ணோடு நிச்சயம் நடந்து முறிந்திருந்தது என்ற செய்தி, மார்த்தாண்டத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் வாசலில் நின்றபோதுதான் என் மனைவிக்குத் தெரிந்தது. பாஸ்போர்ட் போட்டோ வாங்கப் போயிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிக்காக வைத்திருந்த படத்தில் நான் கோட்டுப் போட்டுக்கொண்டு, யாரோ ஒருத்தியின் விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்ததால் எடுக்க மனம் வரவில்லை என்றானாம் ஸ்டூடியோக்காரன். கல்யாணமாகி மூன்று வருடம் நான் பத்திரமாக ஒளித்து வைத்த ரகசியத்தை, பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஊரே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தவள் சத்தம் போடவில்லை. "கோட்டு வாடகையாக்கும், என்ன?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மூன்று வருடத்தில் அந்த விஷயத்தைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது.

இந்த ஆள்தான், கல்யாண விசா விண்ணப்பத்தில் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று இருபத்திரண்டு வருடம் ஊருக்குப் புத்தி சொன்னவன். மேம்பாலம் வந்தபின் அதற்குக் கீழே வெயிலே எட்டாமல் போன ஒரு கடையில் உட்கார்ந்து சொன்னேன். ஜெராக்ஸ் கடையாக ஆரம்பித்தது; பிறகு டிக்கெட்; பிறகு விசா. கடையை மூடி மூன்று வருடமாகிறது. ரத்த அழுத்தம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களிடமாவது சரியான காரணத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்தப் படிவத்தை எங்கே ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. 'இதற்கு முன் திருமணம் ஆனதுண்டா?' அதற்கு நேராக இரண்டு கட்டம். ஆம், இல்லை. நாவல்காரர்கள் அறுநூறு பக்கம் எழுதியும் தீராத விஷயத்துக்கு அரசாங்கம் ஒதுக்கிய இடம் இரண்டு கட்டம். மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது, அது என் கண்ணுக்கு மட்டும் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். என் திறமை என்று ஊர் சொன்னது அதைத்தான்; ஆட்கள் தேடி வந்ததும் அதற்குத்தான்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர் ஒரு விதி சொல்வார்: "கேட்டதுக்குப் பதில் சொல்லு, கேக்காததுக்கு வாயத் தொறக்காத." நல்ல விதி. அதில் முதல் பாதியும் உண்டு என்பதை நான் வசதியாக மறந்துவிட்டேன்.

இரணியல் பக்கத்துப் பையன் ஒருவனைப் பற்றிப் பல வருடம் சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லியிருக்கிறேன். என் கடைக்கு வருமுன் அவனாகவே படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டான். பழைய உறவுகள் பற்றிய இடத்தில், கல்லூரியில் ஒரு பெண்ணைக் காதலித்ததாகவும், அவள் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்றும், எழுதிய கடிதங்களை அவள் திருப்பித் தந்துவிட்டாள் என்றும், அவை இப்போது தன்னிடம் இல்லை என்றும் எழுதியிருந்தான். கேட்டது கல்யாணத்தை, இவன் எழுதியது காதல் சரித்திரத்தை. "லேய், நீ விசாவுக்கு அனுப்பினியா, இல்ல சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் செஞ்சியா?" என்று கேட்டுக் கடையே சிரித்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் அவன் மனைவிக்கு விசா வந்தது. இப்போது அந்தக் கதையை நான் சொல்வதில்லை.

இனி ஷைனி கதை.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தைக் 'கெட்டு' என்போம். தாலி கட்டுவதுதான் அப்படி நீண்டு போயிற்று. கிழக்கே உள்ளவர்கள் கேட்டால், எது கெட்டது என்பார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டில் என்றால் அந்தக் கெட்டுக்கு முன்னால் ஒரு சடங்கு சேர்ந்திருக்கிறது. பத்து நாள் லீவில் வருகிறவன் பெண்ணைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். விசாப் பேப்பர் நகரட்டும் என்று. கோயில் கல்யாணம், அதாவது சர்ச்சில் நடப்பது, அடுத்த வருடம். இடைப்பட்ட காலத்தில் பெண் தன் வீட்டிலேயே இருப்பாள். சட்டத்துக்கு அவள் மனைவி. ஊருக்கு அவள் கல்யாணமாகாத பெண். இரண்டுக்கும் நடுவே அவள் யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஷைனிக்கு அப்படி ஒரு பதிவு நடந்தது. மாப்பிள்ளை கனடாவில் இருந்தான். எட்டு மாதத்தில் அங்கேயே அவனுக்கு வேறொரு பெண் பிடித்துப்போனது. இரண்டு வீட்டாரும் பேசி, பத்மநாபபுரத்துக் கோர்ட்டில் பதிவை முறித்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் அங்கே அரண்மனை பார்க்கப் போவார்கள். நம் ஆட்களுக்கு அந்த ஊர் இதற்குத்தான். கோர்ட்டுக் காகிதத்தில் விவாகரத்து என்று இருந்தது. வீட்டில் அதற்குப் பெயர் கேன்சல். டிக்கெட் கேன்சல் மாதிரி.

பிறகு அஜின் வந்தான். அவனும் கனடாதான், லாரி ஓட்டுகிறான். அவனிடம் ஷைனி முதல் வாரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "செரி" என்றானாம். அவ்வளவுதான். கோயிலில் கெட்டு நடந்தது. மூன்று வாரம் சேர்ந்து இருந்தார்கள். அவன் திரும்பிப் போனான். அவளை அங்கே சேர்க்கும் வேலைக்காக அவள் அம்மா என் கடைக்கு வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு. இப்படிச் சொல்வதுதான் சரி. வந்தது அம்மா; கூட வந்தது ஷைனி.

கேள்வியை வாசித்தேன்.

"சாரே, எனக்க மோளுக்கு இது மொதக் கெட்டாக்கும்," என்றாள் அம்மா.

ஷைனி கைப்பையிலிருந்து கோர்ட்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "இது உண்டு சாரே."

"ஏட்டி, அத எதுக்கு இப்பம் எடுக்குத? சாரே, அது கெட்டு நடக்கல்ல, பதிவுதான். அதையும் கேன்சல் செஞ்சாச்சு."

"அம்மா, அஜினுக்குத் தெரியும். உள்ளதப் போட்டா என்ன?"

"அவனுக்குத் தெரியும். அவனுக்க அம்மைக்குத் தெரியுமா? கோயில்ல தெரியுமா? ஆருக்கும் ஆட்சேபம் உண்டான்னு மூணு ஞாயிறு ஓலை வாசிச்சு, கன்னின்னு எழுதியாக்கும் கெட்டு நடத்தினது. இப்பம் நீ போய் இல்லன்னு சொல்லு. எனக்குப் பொறத்த எறங்கி நடக்காண்டாமா?"

கோயில் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். மணமகள் என்ற இடத்தில், முன் திருமணம் ஆகாதவள் என்று போதகர் கையெழுத்தோடு இருந்தது. அவரிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். ஆம் என்று போட்டால் கோர்ட்டுக் காகிதத்தை வைக்க வேண்டும். வைத்தால் கோயில் சான்றிதழ் பொய்யாகும். அதைச் சரிசெய்ய அம்மா போதகரிடம் போய் நின்று உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் திருத்தி எழுதித் தரவேண்டும். மாப்பிள்ளையின் தாய் காதுக்கும் அது போகும். இரண்டு மாதமும் கொஞ்சம் வெட்கமும் செலவாகும். அந்த வெட்கத்தைப் படத் தயாராக இருந்தவள் ஷைனி ஒருத்திதான். எனக்கோ இரண்டு காகிதம் ஒன்றோடொன்று முட்டுவது பிடிக்காது. காகிதங்களைச் சமாதானமாக வாழ வைப்பதுதான் என் தொழில் என்று நினைத்திருந்தேன். கோர்ட்டுக் காகிதத்தை மடித்து அவள் பக்கமே தள்ளினேன்.

"மின்ன எப்பமாவது கனடாவுக்கு விசாப் பேப்பர் அனுப்பினதுண்டா?" என்று கேட்டேன். யாரிடம்? அம்மாவிடம்.

"ஒண்ணும் அனுப்பல்ல சாரே. அந்தப் பய எங்க கூட்டிட்டுப் போனான்?"

"சாரே, சென்னையில ஒரு தடவ என்னைய..." என்று ஷைனி ஆரம்பித்தாள்.

"நீ மிண்டாம இரு," என்று அவள் பேச்சை அடக்கினாள் அம்மா.

நான் போக்குவரத்துப் போலீஸ்காரன்போல் கையைக் காட்டினேன். "மக்களே, கேட்டதுக்கு மட்டும் பதில் போரும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்." என் குருவின் விதியைத்தான் சொன்னேன். படிவம் கேட்டது யாரை, பதில் சொன்னது யார் என்ற சின்னக் குழப்பத்தோடு.

இல்லை என்ற கட்டத்தில் புள்ளி விழுந்தது. ஷைனி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையெழுத்துப் போடும்போது, "எனக்க பேருல பொய்யாக்கும் இது சாரே," என்றாள். "பொய்யில்ல மக்களே, சுருக்கம்," என்றேன். இப்படிச் சட்டென்று பதில் சொல்லத் தெரிவதை ஒரு காலத்தில் நான் புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தேன். அஜின் தன் பங்குக்குத் தர வேண்டிய படிவத்தையும் நானே நிரப்பி அவனுக்கு அனுப்பினேன். "நீங்க பாத்துட்டா செரிதான், நான் ஒப்பு போட்டு அனுப்புதேன்," என்று அவன் படிக்காமலேயே கையெழுத்திட்டு அனுப்பினான். லாரி ஓட்டுகிறவன், என் ஓட்டத்தை நம்பினான்.

ஏழாவது மாதம் விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் கைரேகை பழைய ஒரு கோப்பில் உள்ளதோடு ஒத்துப்போகிறது. அதில் நீங்கள் வேறொருவரின் மனைவி. நீங்கள் தகவலை மறைத்ததாகக் கருதுகிறோம். முப்பது நாளுக்குள் விளக்கம் தரவும்.

முதல் மாப்பிள்ளை மனம் மாறுவதற்கு முன் பேப்பரை அனுப்பியிருந்திருக்கிறான். ஷைனியைச் சென்னைக்கு வரச்சொல்லிக் கைரேகையும் எடுத்திருக்கிறார்கள். அவள் சொல்ல வந்தது அதைத்தான். அந்தப் பதிவுக் கல்யாணத்தை ஊர் கல்யாணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயில் எடுத்துக்கொள்ளவில்லை. பெற்ற தாய் எடுத்துக்கொள்ளவில்லை. கட்டினவனே எடுத்துக்கொள்ளவில்லை. எந்த அலுவலகத்தின் கண்ணில் படுவதற்காக அது நடந்ததோ, அந்த அலுவலகம் மட்டும் அதைக் கல்யாணமாக மதித்துக் கோப்பில் வைத்திருந்தது.

மறுநாள் அம்மாவோடு ஷைனியின் தாய்மாமனும் வந்தார். மரக்கடை வைத்திருப்பவர். கடிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "டைப்பிங் மிஸ்டேக்குன்னு எழுதும் ஓய்," என்றார்.

"டைப்பிங் மிஸ்டேக்குன்னா ஒரு எழுத்து மாறணும்," என்றேன்.

"ஒரு மாப்பிள மாறினாலும் அதுதானே?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

புதிய பொய் எழுத மாட்டேன் என்றேன். அந்த நிமிடம் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அது வந்திருக்கக் கூடாது. உண்மையை எழுதப் போகிறேன் என்று உட்கார்ந்து, நான்கு பக்கம் எழுதினேன். எங்கள் மாவட்டத்தின் கல்யாண வழக்கம், பதிவுக்கும் கெட்டுக்கும் உள்ள வேறுபாடு, திருவிதாங்கூர்க் காலம் தொட்டு இங்கே காகிதத்துக்கும் சடங்குக்கும் உள்ள உறவு, ஒரு பெண் தன்னை மனைவியாக எப்போது உணர்கிறாள் என்பது பற்றி ஒரு பத்தி. அருமையான ஆங்கிலம். இரண்டு முறை வாய்விட்டு வாசித்தேன். அந்தக் குளிர் நாட்டு அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து, 'யார் இந்த மனிதர்?' என்று கேட்பார் என்றுகூட எனக்குத் தோன்றியது.

ஷைனி தனியாக வந்து அதை வாசித்தாள். நிதானமாக, நான்கு பக்கமும். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

"சாரே, நான் உள்ளதப் போடலாம்னு சொன்னது இதுல இல்லியே."

"அது தேவையில்ல மக்களே."

"கோர்ட்டுப் பேப்பர எடுத்து வச்சது நானாக்கும். நீங்கதான் வேண்டாம்னு தள்ளினது. அது ஒரு வரி எழுதினா, நான் மறைக்கல்லன்னு அவியளுக்குத் தெரியுமில்லா?"

"தேவையில்லம்மா. இதுவே பலமா இருக்கு."

பலமாகத்தான் இருந்தது. அந்த ஒரு வரியை எழுதினால் பொய் சொல்லச் சொன்னது என் கடை என்றாகும். இருபத்திரண்டு வருடப் பெயர். வெளியே அதே மேம்பாலத்துக்குக் கீழே இன்னும் மூன்று பேர் பலகை மாட்டிக் காத்திருந்தார்கள். கட்டத்தில் புள்ளி வைத்ததை நான் தவறு என்பேன். அவசரம், பழக்கம், அம்மாவின் கண்ணீர் என்று அதற்குக் காரணம் சொல்லலாம். இந்த வரியை விட்டதற்கு அப்படி எந்தப் பெயரும் இல்லை. முப்பது நாளில் இருபத்தாறு நாள் மிச்சமிருந்தது. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை.

அந்த வரி இருந்திருந்தால் விசா கிடைத்திருக்குமா? தெரியாது. கிடைத்திருக்காது என்றுதான் என் மனைவியிடம் சொல்லிவருகிறேன். கையெழுத்து ஷைனியுடையதுதானே, சட்டம் அவளைத்தானே பார்க்கும் என்று. ஆனால் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நான்தான் எழுதாமல் விட்டேன்.

என் நான்கு பக்கத்துக்கு மூன்று வரியில் பதில் வந்தது. மறுப்பு. ஐந்து வருடத்துக்கு அவள் விண்ணப்பிக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் அஜின் கூப்பிட்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "சாரே, நான் ஒண்ணும் மறைக்கல்ல. அவளும் மறைக்கல்ல. பின்ன இத யாரு மறைச்சா?" என்று உண்மையாகவே புரியாதவன்போல் கேட்டான். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அவன் தன் தாயிடம் அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எந்தக் காதுக்குப் போகக்கூடாது என்று இத்தனையும் செய்தோமோ, அந்தக் காதுக்கு இரண்டு நிமிடப் போன் காலில் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஷைனி வீட்டுக்கு வந்து சம்பந்தியிடம் கேட்டாளாம்: "இதயா நீங்க மறைச்சிய? எனக்க மூத்தவளுக்கும் இப்படித்தானே ஒரு பதிவு முறிஞ்சு போச்சு." அதை அவர்கள் மறைத்து வைத்திருந்தார்கள்.

ஆகவே சொல்கிறேன். கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லுங்கள். அம்மா, அப்பா, மரக்கடை மாமன், எல்லோரையும். டீ வாங்கிக் கொடுங்கள். கையெழுத்துப் போடப் போகிறவளிடம் மட்டும் கேளுங்கள். அவள் 'ஒரு தடவ' என்று ஆரம்பித்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தடவையைக் கேட்டு முடியுங்கள். கேன்சல், பதிவுதான், சும்மா ஒரு ஒப்பு என்று வீட்டில் என்ன பெயர் வைத்திருந்தாலும், கோர்ட்டில் அதற்கு என்ன பெயர் என்று பாருங்கள். இரண்டு காகிதம் முட்டினால் முட்டட்டும். முட்டுவதை ஒரு தாளில் விளக்கி எழுதலாம். மறைத்தது வெளியே வந்தபிறகு எழுதுகிற விளக்கத்தை யாரும் வாசிப்பதில்லை, எவ்வளவு நல்ல ஆங்கிலமாக இருந்தாலும். இதையும் மீறித் தவறிவிட்டால், தவறியது நீங்கள் என்று எழுதிக்கொடுங்கள். அந்த வரிக்கு இலக்கணம் போதும், நடை வேண்டாம்.

அதன்பிறகு ஒரு வருடம்கூட நான் கடை நடத்தவில்லை. அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் கை நின்றது. வந்தவர்களிடம் நான் அதிகமாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். நான் நல்லவனானதில் தொழில் படுத்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். பயந்தவனானதில் படுத்தது.

போன மாதம் சர்க்கரை பார்க்க ஒரு லேபுக்குப் போனேன். ரத்தம் எடுக்க வந்தது ஷைனி. கொஞ்சம் மெலிந்திருந்தாள். சீட்டில் என் பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "இரிங்க சாரே," என்று நாற்காலியைக் காட்டினாள்.

அஜின் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"வருசத்துக்கு மூணு ஆழ்ச, இருபத்தொண்ணு நாளு, வருவாவ. போன தடவ வந்தப்பம் லீவு கிட்டல்ல, பதினாறு நாள்தான்." ரப்பர் பட்டையை என் கையில் கட்டினாள். "இன்னும் ஒரு வருசமும் நாலு மாசமும் உண்டு. இந்தத் தடவ நானே எழுதுவேன். எழுதியும் வச்சாச்சு. போதகரும் திருத்தி எழுதித் தந்தாவ. போய்க் கேட்ட அன்னைக்கே தந்தாவ."

அன்றைக்கே. நான் இரண்டு மாதம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நான்கு வருடமாக நான் மனதுக்குள் எழுதித் திருத்தி வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன், பயத்துக்குத் தொழில் அனுபவம் என்று பெயர் வைத்துக்கொண்டேன், நீ சொல்ல வந்ததைக் கேட்காமல் போனது என் வாழ்நாள் குற்றம்... குரல்கூடச் சரியான இடத்தில் தழுதழுத்தது. கையையும் ஆட்டியிருக்கிறேன் போலிருக்கிறது.

ஷைனி ஊசியோடு காத்து நின்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து மேசையில் அழுத்தி வைத்தாள்.

"சாரே, மிண்டாம இரிங்க. பேசினா நரம்பு கிட்டாது."